மரவில்லின் வளைவைச் சமன்செய்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒற்றை மரத்தில் செதுக்கிய வில் இழுக்கும்போது முறிந்துவிட்டால், மரம் சரியில்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். மரத்தின் மேல் பழி போடுவதற்கு முன் முறிந்த இடத்தை எடுத்துப் பாருங்கள். பல வில்களில் அந்த இடம் அக்கம்பக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டராவது மெலிந்திருக்கும். வில்லின் கை (கைப்பிடிக்கு மேலும் கீழும் நுனிவரை வளையும் பாகம்) முழுவதும் பகிர்ந்து வளைய வேண்டியதை அந்த ஒரு சாண் இடம் தனியாக வளைந்து தாங்கியிருக்கிறது. அப்படி நேராமல், வில்லின் மேல் கையும் கீழ்க் கையும் தங்கள் நீளம் முழுவதிலும் உரிய அளவு வளையும்படி மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும் வேலைக்கு டில்லரிங் என்று பெயர். வில் செய்வதில் நேரமும் கவனமும் அதிகம் கேட்பது இந்தக் கட்டம்தான்.

இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் சொல்வோம். இழுக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. முதுகில் ஒரே ஆண்டு வளையம் நுனிக்கு நுனி வெட்டுப்படாமல் ஓட வேண்டும். அதை அறுத்துவிட்டால் அங்கே சிலாம்பு எழும்பும், பிறகு முறியும். ஆகவே இனி நான் சுரண்டுவது என்று சொல்வதெல்லாம் வயிற்றுப் பக்கத்தை மட்டுமே.

கணக்குக்கு ஒரு வில்லை எடுத்துக்கொள்வோம். ஆஷ் மரத்தில் 66 அங்குல நீளத்துக்கு ஒரு தட்டை வில். 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு விசை வேண்டும். நடுவில் கைப்பிடியும் அதன் இருபுறச் சரிவுகளும் சேர்ந்து 8 அங்குலம், அது வளையாது. மிச்சம் பக்கத்துக்கு 29 அங்குலக் கை. கைப்பிடி அருகே அகலம் ஒன்றே முக்கால் அங்குலம். கையின் பாதிவரை அதே அகலம், அதன் பிறகு குறுகிக்கொண்டே போய் நுனியில் அரை அங்குலம். கனம் கைப்பிடிப் பக்கம் சுமார் 16 மில்லிமீட்டர், நுனியில் 12. இது தொடக்க அளவுதான், வேலை முடியும்போது இதைவிடக் குறைந்திருக்கும்.

மரம் காய்ந்திருக்கிறதா என்பதை இங்கேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் இருப்பது நல்லது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் மரம் அவ்வளவு தூரம் தானாகக் காயாது. உலர்ந்த அறையில் வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டு, எடை இறங்குவது நின்ற பிறகு தொடங்குங்கள். ஈர மரத்தை வளைத்தால் வயிற்றின் நார்கள் நசுங்கி, நாணைக் கழற்றிய பின்னும் வில் கூனியபடியே நிற்கும். அந்தக் கூனல் பிறகு போகாது.

விறைப்பைப் பற்றிய ஒரு கணக்கை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் அங்கே விறைப்பு ஏறத்தாழ 23 சதவீதம் போய்விடுகிறது. கால் மில்லிமீட்டர் எடுத்தாலே 6 சதவீதம். அதனால்தான் இந்தக் கட்டத்தில் இழைப்புளியையும் வாய்ச்சியையும் ஒதுக்கிவிட்டு, முதலில் மர அரம், பிறகு தகட்டுச் சுரண்டி என்று மாற வேண்டியிருக்கிறது.

முதல் சோதனைக்கு நாண் தேவையில்லை. வில்லின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, மறு நுனியைக் கையில் பிடித்து, முதுகு வெளிப்புறம் புடைக்கும்படி கைப்பிடியை மெல்ல அழுத்துங்கள். தரைப்பக்கக் கை வளைவது தெரியும். புரட்டிப் பிடித்து அடுத்த கையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் அசையும்வரை அரத்தால் எடுக்கலாம்.

அடுத்தது நீள நாண். மாட்டினால் தளர்ந்து தொங்காமல், வில்லை வளைக்காமலும் இருக்கும் அளவு நீளம் போதும். அதைவிட நீளமாக விட்டால் நாண் இழுக்கும் கோணம் மாறி, வளைவும் விசையும் தவறாகத் தெரியும். சுவரில் ஒரு தாங்கி அடித்து அதில் கைப்பிடியை வையுங்கள். நாணில் ஒரு கயிறு கட்டி, கீழே கப்பி வழியாகக் கொண்டுவந்து, எட்டு பத்து அடி தள்ளி நின்று இழுங்கள். முறிந்தால் துண்டு முகத்துக்கு வராது என்பது ஒரு லாபம். இரண்டு கைகளையும் ஒரே பார்வையில் பார்க்க முடிவது அதைவிடப் பெரிய லாபம். கயிற்றில் ஒரு தொங்கு தராசையும் கோத்துவிட்டால் விசை எத்தனை பவுண்டு என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது எதைப் பார்க்கிறோம்? கை எங்கே தட்டையாக நிற்கிறது, எங்கே மடங்குகிறது என்பதை. தட்டையாக நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், சுரண்ட வேண்டியது அங்கே. மடங்கும் இடத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, அதைத் தொடவே கூடாது. பலவீனமான இடத்தைச் சரிசெய்கிறேன் என்று அங்கேயே சுரண்டியைக் கொண்டுபோவது இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட வழியில்லை. மற்ற இடங்களை எல்லாம் அந்தப் பலவீனமான இடத்தின் நிலைக்கு இறக்குவது ஒன்றே வழி. அதனால் 40 பவுண்டு வில் 32 பவுண்டாக முடியலாம். முடியட்டும். 32 பவுண்டுக்கு ஒழுங்காக வளையும் வில் பல ஆண்டு உழைக்கும்.

கண்ணுக்குப் பழக்கம் போதாதவர்களுக்கு ஓர் உதவி உண்டு. 6 அங்குல நேரான மரத்துண்டின் நடுவில் துளை போட்டு, அதில் பென்சிலைச் செருகுங்கள். வில்லை அளவாக இழுத்துக் கட்டி நிறுத்தி, அந்தத் துண்டை வயிற்றின் மேல் ஓட்டுங்கள். மிக அதிகமாக வளைந்த இடத்தில் பென்சில் மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி அமைத்துக்கொண்டால், வளைவு குறைந்த இடங்களில் எல்லாம் தானாகக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்ட வேண்டும்.

மரம் இயற்கையிலேயே நெளிந்திருந்தால் கண் ஏமாறும். அப்படிப்பட்ட வில்லுக்கு, நாண் பூட்டாத வடிவத்தைச் சுவரில் வரைந்து வைத்துக்கொண்டு, இழுத்த வடிவம் அதிலிருந்து எவ்வளவு மாறியது என்று ஒப்பிட வேண்டும். கணு உள்ள இடத்தில் சற்றுக் கூடுதல் மரம் விடுங்கள். அங்கே கொஞ்சம் விறைப்பாக இருப்பதுதான் பாதுகாப்பு.

சமமான வளைவு என்றால் எல்லா வில்லுக்கும் ஒரே வடிவம் என்று நினைத்துவிட வேண்டாம். அகலம் கைப்பிடியிலிருந்து நுனிவரை சீராகக் குறுகி, கனம் மாறாமல் இருக்கும் வில் வட்டத்தின் ஒரு பகுதிபோல் வளையும். நாம் எடுத்துக்கொண்ட வில்லில் பாதிவரை அகலம் மாறுவதில்லை. ஆகவே வளைவு கைப்பிடி அருகே குறைவாகத் தொடங்கி, கையின் நடுவைத் தாண்டிக் கூடி, கடைசி 6 அங்குலம் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர நெடுவில்கள் இரண்டு மீட்டர் அளவு நீளமானவை. அந்த வகை வில்லில் கைப்பிடியும் சேர்ந்தே வளையும். கைப்பிடி குறுகிய நம் தட்டை வில்லில் அப்படி விட்டால் அங்கேயே முறியும்.

நுனிகள் ஐந்தாறு அங்குலம் இறங்கி வளைவும் சீராக இருந்தால், நாணைச் சுருக்கிப் பூட்டலாம். முதலில் நாணுக்கும் கைப்பிடிக்கும் 3 அங்குல இடைவெளி போதும். நாண் கைப்பிடியின் நடுவே ஓடுகிறதா என்று அப்போதே பாருங்கள். கை முறுக்கியிருந்தால் கனம் மிச்சமிருக்கும் இந்தக் கட்டத்தில்தான் திருத்த இடமுண்டு.

இதன் பிறகு ஒரே சுற்றுதான் திரும்பத் திரும்ப வரும். கொஞ்சம் சுரண்டு, எட்டியிருக்கும் நீளத்துக்குள்ளேயே 20, 30 தடவை இழுத்து விடு, பிறகு பார். இழுத்துப் பழக்காமல் பார்த்தால், சுரண்டியதன் பலன் இன்னும் முழுதாகத் தெரிந்திருக்காது. பலன் இல்லை என்று நினைத்து மறுபடி சுரண்டுவீர்கள், பத்து நிமிடத்தில் அந்த இடம் மடங்கிவிடும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எந்த நிலையிலும் 40 பவுண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 20 அங்குலத்திலேயே தராசு 40 காட்டினால் அங்கேயே நிறுத்தி, இரு கைகளிலும் நீளமாக, சமமாகச் சுரண்டுங்கள். அடுத்த முறை 21 அங்குலம் வரும். கோணல் தெரிந்தாலும் அப்படியே. அதைத் திருத்தாமல் ஓர் அங்குலம்கூட மேலே போக வேண்டாம்.

கைகள் இரண்டும் முற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எய்பவரின் பிடி நடுவுக்குக் கீழேயும் அம்பு நடுவுக்கு மேலேயும் அமைவதால் கீழ்க் கைக்கு வேலை அதிகம். நாண் பூட்டிய நிலையில், கைப்பிடிச் சரிவு முடியும் இடத்திலிருந்து நாண்வரை அளந்தால், கீழ்க் கையில் அந்த இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். அதாவது கீழ்க் கை ஒரு சிட்டிகை விறைப்பு.

ஒவ்வொரு முறை நாணைக் கழற்றியதும் முதுகில் நேர்க்கோலை வைத்துக் கூனலை அளவிடுங்கள். ஓர் அங்குலம்வரை மரவில்லுக்கு இயல்பு. ஒரு கையில் மட்டும் கூடினால் அந்தக் கை அளவுக்கு மீறி உழைக்கிறது, மறு கையைச் சுரண்ட வேண்டும். வயிற்றில் குறுக்கே மயிரிழைபோல் சுருக்கக் கோடுகள் தெரிந்தால், அங்கே நார் நசுங்கிவிட்டது. அந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களை இறக்கினால் சில வில்கள் தப்பும். ஆழமாக ஓடியிருந்தால் அந்த வில்லை விட்டுவிடுங்கள்.

27 அங்குலத்தில் 40 பவுண்டு வந்ததும் சுரண்டியைக் கீழே வைக்கலாம். உப்புத்தாள் தேய்ப்பிலும் முதல் நூறு அம்புகளிலும் இரண்டு மூன்று பவுண்டு தானாகக் குறையும். அதற்குப் பிறகும் இழுக்கும் விசை சற்று அதிகமாகத் தோன்றினால் வயிற்றில் கைவைக்காமல் கைகளின் பக்கவாட்டில் லேசாக எடுங்கள், அகலத்தில் எடுப்பதால் விசை மெதுவாக இறங்கும். நூறு அம்பு எய்தபின் வில்லை மறுபடி சுவர்த் தாங்கியில் ஏற்றிப் பார்த்து, மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகே எண்ணெய் பூசுங்கள்.