முதுமையின் செலவை யார் ஏற்பது? பராமரிப்பும் வாரிசுச் சொத்தும்

[காட்சி: அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செங்கல் வீடுகள்]

வணக்கம். இங்கிலாந்தின் ஏதோ ஒரு நகரத்தில், ஒரே அளவிலான வீடுகளில் அண்டை அயலாராக வாழ்ந்த இரண்டு முதியவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் புற்றுநோய் வருகிறது. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, மருத்துவமனைப் படுக்கை என்று எவ்வளவு செலவானாலும் 1948-இல் தொடங்கப்பட்ட தேசிய சுகாதாரச் சேவை அதை ஏற்றுக்கொள்கிறது. அவர் இறந்த பிறகு வீடு முழுமையாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது. மற்றவருக்கு மறதி நோய். குளிப்பாட்டவும், உணவூட்டவும், நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் அவருக்கு எந்நேரமும் ஓர் ஆள் தேவை. இந்த உதவியைச் சட்டம் மருத்துவமாகக் கருதுவதில்லை. ஆகவே அதற்கான பணத்தை அவரே கட்ட வேண்டும். சில ஆண்டுகளில் அந்த வீடு கரைந்துவிடுகிறது.

விதி இப்படித்தான் இருக்கிறது. 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து வைத்திருப்பவர் தம் பராமரிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். சொத்து 14,250 பவுண்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அரசு அவருடைய சேமிப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது. விலைவாசி எங்கோ போய்விட்டது, இந்த எல்லைகள் மட்டும் 2010 முதல் அசையவே இல்லை. வீட்டிலிருந்தபடியே உதவி பெறுபவருக்கு அவர் குடியிருக்கும் வீடு இந்தக் கணக்கில் சேராது. ஆனால், பராமரிப்பு இல்லத்துக்கு நிரந்தரமாகப் போய்விட்டால், கணவனோ மனைவியோ 60 வயதான உறவினரோ அங்கே வசித்தாலொழிய, வீடும் கணக்கில் வந்துவிடும். இல்லக் கட்டணம் வாரத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தால் இரண்டு லட்சம் பவுண்ட் போய்விடும். உயிரோடு இருக்கும்போது வீட்டை விற்க விரும்பாதவருக்கு உள்ளாட்சி மன்றமே கடன் கொடுத்து, அவர் இறந்தபின் வீட்டை விற்ற பணத்திலிருந்து வட்டியோடு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

இதை யாரும் வரி என்று அழைப்பதில்லை. ஆனால் விளைவைப் பார்த்தால், இது வாரிசுச் சொத்தின் மீது விழும் வரிதான். எவ்வளவு விழும் என்பதைச் செல்வம் தீர்மானிப்பதில்லை, நோய் தீர்மானிக்கிறது. உண்மையான வாரிசு வரி பிரிட்டனில் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்தில் 40 சதவீதம். குடியிருந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றால் கூடுதல் விலக்கு வேறு. இருபது மரணங்களில் ஏறத்தாழ ஒன்றில்தான் அந்த வரி கட்ட நேர்கிறது. ஆக, இரண்டரை லட்சம் பவுண்ட் மதிப்புள்ள வீட்டை விட்டுச் செல்பவரிடம் அரசு வாரிசு வரியாக ஒரு பென்னிகூடக் கேட்பதில்லை; ஆனால் அவருக்கு மறதி நோய் வந்துவிட்டால் அந்த வீட்டில் பெரும்பகுதி போய்விடுகிறது. கோடீஸ்வரருக்கு அதே நோய் வந்தால் அவர் சொத்தில் சிறு துளிதான் குறையும்.

[திரையில்: 10 பேரில் 1 பேர்]

2011-இல் பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ டில்நாட் தலைமையிலான ஆணையம் இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டது. 65 வயதை எட்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாள் பராமரிப்புச் செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும் என்றும், அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை என்றும் அது சொன்னது. யாருக்கு வரும் என்று தெரியாத, வந்தால் தாங்க முடியாத செலவு என்றால் அதற்குக் காப்பீடுதானே உரிய வழி என்று நாம் கேட்போம். ஆனால் எல்லையே தெரியாத இந்தச் செலவுக்குக் காப்பீடு விற்கத் தனியார் நிறுவனங்கள் முன்வரவில்லை. ஆகவே ஒருவர் வாழ்நாளில் 35,000 பவுண்ட் வரை தாமே கட்டட்டும், அதற்கு மேற்பட்டதைச் சமூகம் ஏற்கட்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது.

அதன் பிறகு நடந்தது அலுப்பூட்டும் வரலாறு. 2014-இல் வந்த சட்டம் உச்சவரம்பை ஏற்றுக்கொண்டது. அதன்படி 2016-இல் 72,000 பவுண்ட் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். அது முதலில் தள்ளிப்போடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. 2021-இல் போரிஸ் ஜான்சன் அரசு வரம்பை 86,000 பவுண்டாக அறிவித்தது. அதுவும் தள்ளிப்போய், 2024 ஜூலையில் தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் கையால் ரத்தானது. இப்போது லூயிஸ் கேசி தலைமையில் மற்றுமோர் ஆணையம் அமர்ந்திருக்கிறது. இறுதி அறிக்கைக்கு 2028 வரை அவகாசம்.

செலவை இறந்தவரின் சொத்திலிருந்து எடுக்கலாம் என்று சொன்னவர்களுக்குத் தேர்தல் மேடையில் என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2010 தேர்தலுக்கு முன், எல்லாருடைய சொத்திலிருந்தும் ஒரு கட்டாயப் பங்கை எடுத்து எல்லாருக்கும் இலவசப் பராமரிப்பு தரலாம் என்ற யோசனை தொழிற்கட்சி அரசின் பரிசீலனையில் இருந்தது. கன்சர்வேடிவ் கட்சி அதற்குச் ‘சாவு வரி’ என்று பெயரிட்டு, கல்லறைக் கல்லின் படத்தோடு சுவரொட்டி அடித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே கட்சியின் தெரசா மே, வீட்டிலிருந்தபடி உதவி பெறுபவர்களுக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் சேர்ப்போம், கடைசி ஒரு லட்சம் பவுண்டை மட்டும் தொடமாட்டோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதினார். எதிர்க்கட்சிகள் அதை ‘மறதி நோய் வரி’ என்றன. சில நாட்களிலேயே அவர் பின்வாங்க நேர்ந்தது, தேர்தலில் பெரும்பான்மையும் போனது. இந்த இரண்டு திட்டங்களும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முதலாவது ஆபத்தை எல்லார்மீதும் பகிர்ந்தது. இரண்டாவது நோயுற்றவர் குடும்பத்தின் மீதே இன்னும் இறுக்கியது. மேடையில் இரண்டுக்கும் ஒரே அடிதான் விழுந்தது.

சொத்தைத் தொடாமல் உழைப்பவரின் சம்பளத்திலிருந்து எடுக்கலாமே என்பது அடுத்த வாதம். ஜான்சன் அரசு அதைத்தான் செய்தது. தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பில் 1.25 சதவீதப் புள்ளி கூட்டியது, சில மாதங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அதில் உள்ள அநீதி எளிதில் கண்ணில் படாது. வாடகை வீட்டில் இருக்கும், சொந்த வீடு வாங்க வழியே இல்லாத முப்பது வயதுச் செவிலியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்து, ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வீடு சேதாரமின்றிக் கிடைக்க வழி செய்வதாக அது அமைந்துவிடுகிறது. வாரிசுச் சொத்தும் செலவில் பங்கேற்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

அதே வேளையில், வாரிசு வரி ஒன்றே போதும் என்பவர்களின் கணக்கு தேறாது. 2023-24 நிதியாண்டில் பிரிட்டன் முழுவதும் அந்த வரியாகத் திரண்டது ஏறத்தாழ 750 கோடி பவுண்ட். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான பராமரிப்பில் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் மட்டுமே அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் செலவிடுகின்றன. இறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் கொடுத்துவிட்ட அன்பளிப்புக்கு வரி இல்லை என்பதால், நல்ல ஆலோசகரை அமர்த்த முடிந்தவர்கள் உரிய காலத்தில் கைமாற்றிவிடுகிறார்கள். இருக்கும் ஒரே வீட்டில் கடைசி வரை வாழ்பவரால் அது முடியாது.

[காட்சி: ஜப்பானிய ஊர் ஒன்றில் காலையில் முதியவர்களை ஏற்றிச் செல்லும் சிறு வாகனம்]

ஜப்பான் வேறு வழியில் போனது. 2000 ஏப்ரலில் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் கட்டாயமாகச் சந்தா கட்ட வேண்டும். செலவில் ஒரு பாதி சந்தாவிலிருந்தும் மறு பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. உதவி தேவைப்படும்போது அந்த ஊர் நிர்வாகம் உடல்நிலையை ஆராய்ந்து ஏழு நிலைகளில் ஒன்றில் சேர்க்கும். பயனாளர் கட்டணத்தில் 10 சதவீதமும், வருமானம் கூடியவர் 20 அல்லது 30 சதவீதமும் கட்டினால் போதும். பராமரிக்கும் குடும்பத்தினருக்குப் பணமாகக் கொடுக்கலாமா என்ற விவாதம் அப்போது எழுந்தது. ஜெர்மனி 1995-இல் தொடங்கிய தன் காப்பீட்டில் அப்படிக் கொடுக்கிறது. ஜப்பானியப் பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்தன; பணம் என்று கொடுத்துவிட்டால் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை மருமகள் தலையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். ஆகவே ஆட்களாகவும் சேவையாகவும்தான் அங்கே உதவி கிடைக்கிறது.

இது இனாமாகக் கிடைத்த ஏற்பாடு அல்ல. 65 வயதைக் கடந்தவர்களின் சராசரி மாதச் சந்தா 2000-இல் 2,911 யென். 2024-இல் 6,225 யென். அதோடு வாரிசு வரியும் அங்கே கடுமையானது, உச்ச விகிதம் 55 சதவீதம். 2015-இல் விலக்கு வரம்பைக் குறைத்தபோது, வரி கட்ட வேண்டிய மரணங்களின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. அந்த வரி பராமரிப்புக்கென ஒதுக்கப்படுவதில்லை, பொது நிதிக்குத்தான் போகிறது. ஆனாலும், அடிப்படைக்குக் காப்பீடு, துணைக்குச் சொத்தின் பங்கு என்ற கலவை சாத்தியமே என்பதை அது காட்டுகிறது.

[திரையில்: இந்தியா, 1953 – 1985]

நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் முறையாகக் கேட்கப்படவே இல்லை. இங்கேயும் 1953 முதல் மரணச் சொத்து வரி இருந்தது, உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய்தான் தேறுகிறது, வசூலிக்கும் செலவோ அதிகம் என்று காரணம் காட்டி, 1985-இல் நிதியமைச்சராக இருந்த வி.பி. சிங் அதை நீக்கினார். ஓட்டை நிறைந்த சட்டத்துக்கு அது நியாயமான முடிவாக இருக்கலாம்; ஆனால் அதன் இடத்தில் எதுவும் வரவில்லை. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 2024-இல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் நீட்டிக்கப்பட்ட 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் சேர்க்கைக்கானது. வீட்டில் படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்க அது ஆளை அனுப்பாது. அந்த வேலையை மகளும் மருமகளும் கூலியின்றிச் செய்கிறார்கள், அதன் மதிப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை.

ஆனால் சொத்தையும் பராமரிப்பையும் நம் சட்டம் ஏற்கெனவே முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையில்லாத முதியவரின் சொத்து யாருக்கு வரப்போகிறதோ அவர் வசதியுள்ளவராக இருந்தால் முதியவரைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாததாக அறிவிக்கவும் அதன் 23-ஆவது பிரிவு வழி தருகிறது. கோட்டாட்சியர் அலுவலகங்களில் குவியும் மனுக்களைப் பார்த்தவர்களுக்கு, இது குடும்பங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்பது தெரிந்திருக்கும். சொத்தில்லாத முதியவருக்கு இந்தப் பிரிவால் ஒரு பயனும் இல்லை.

தமிழ்நாடு தொடங்கக்கூடிய இடம் சார்பதிவாளர் அலுவலகம் என்பது என் கருத்து. ஐந்து கோடி ரூபாய் வீட்டை அந்நியர் வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 45 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதே வீட்டைத் தந்தை மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதினால், 2023-இல் உயர்த்திய பிறகும், உச்சவரம்பு தீர்வைக்கு 40,000, பதிவுக்கு 10,000, மொத்தம் 50,000 ரூபாய்தான். ஒரு கோடி ரூபாய் வரை இன்றுள்ள வரம்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு மட்டும் ஒன்றிரண்டு சதவீதம் எடுத்து, வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சையும் வலிநீக்கச் சிகிச்சையும் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தோடு பகல்நேரப் பராமரிப்பையும் சேர்க்க அதை ஒதுக்கலாம். இதற்குச் சட்டமன்றமே போதும். முத்திரைத் தீர்வை விகிதம் மாநிலத்தின் அதிகாரம்.

ஒரு தடை இருக்கிறது. உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை என்பதால், செட்டில்மெண்ட் எழுதுபவர்கள் உயிலுக்கு மாறிவிடக்கூடும். அதை மாநிலம் வரி போட்டு ஈடுகட்டவும் முடியாது; விவசாய நிலம் தவிர்த்த மரணச் சொத்தின் மீது வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. எல்லாரும் அப்படி மாறமாட்டார்கள், ஏனென்றால் தம் காலத்திலேயே தகராறின்றி முடித்துவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் செட்டில்மெண்ட் எழுதுகிறார்கள். இருந்தாலும், பெற்றோரோடு வசித்து அவர்களைக் கவனித்துக்கொண்ட மகளுக்கோ மகனுக்கோ அந்தக் கூடுதல் தீர்வையைத் தள்ளுபடி செய்யும் விதி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போகும் சுகாதாரத் தன்னார்வலரின் பதிவேட்டை அதற்குச் சான்றாக ஏற்கலாம்.