லால்குடி தில்லானாவும் 380 ரூபாய்த் தந்தியும்

வணக்கம் மக்களே! அதே மொட்டை மாடிதான், எதிரே சேர்வராயன் மலை முழுக்க மேகம். இன்று பயிற்சி வீடியோ இல்லை. கோபமாக வந்திருக்கிறேன்.

போன ஞாயிறு நம் சேலத்தில் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம். கடைசி உருப்படி மோகனகல்யாணி ராகத்தில் ஒரு தில்லானா, அதாவது ஜதிச் சொற்கள் நிறைந்த விறுவிறுப்பான உருப்படி. ஆடிய பெண்ணுக்குக் கடைசிவரை அரைமண்டி (முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை) தளரவே இல்லை, பிரமாதம். ஆனால் தொகுத்து வழங்கியவர் மைக்கில், "இது பாரம்பரியமான பழைய தில்லானா" என்று சொல்லி முடித்துவிட்டார். அது வயலின் மேதை லால்குடி ஜெயராமன் இயற்றியதுங்க! 1930இல் பிறந்து 2013 வரை நம் காலத்தில் வாழ்ந்தவர். பூ அலங்காரம் செய்தவர் வரை பெயர் சொல்லி நன்றி சொன்னார்கள், இவர் பெயர் மட்டும் இல்லை.

அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து வயலினை எடுத்தேன். சுருதி சேர்க்கும்போதே மேல் பஞ்சமத் தந்தி பட்டென்று அறுந்தது. மறுநாள் முழுக்க அலைச்சல். ஐந்து ரோடு, நாலு ரோடு, எங்கே கேட்டாலும் "செட்டாத்தான் தருவோம்" என்கிறார்கள். அறுவது எப்போதும் அந்த மெல்லிசுத் தந்திதான், மற்ற மூன்றை வாங்கி நான் என்ன செய்ய? கடைசியில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடை. பெரியவர் மேசை டிராயரைத் துழாவி உதிரியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 380 ரூபாய். பேரமே பேசவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

சரி, இப்போது கேளுங்கள். மோகனகல்யாணியில் ஸ்வரங்கள் ஏறும்போது சுத்த மோகனம்: ச ரி க ப த ச. இறங்கும்போது கல்யாணி: ச நி த ப ம க ரி ச. ஏறுகையில் இல்லாத அந்த நிஷாதமும் (நி) மத்யமமும் (ம) இறங்கும்போது வந்து விழுகிற இடம் இருக்கிறதே, அதற்காகவே எனக்கு இந்த ராகம் உயிர்.

அட, குருவைச் சொல்லாமல் விட்டேனே. லால்குடிக்கு அப்பா கோபால ஐயர்தான் ஆசிரியர். 12 வயதிலேயே பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறினார். வில்லில் சாகித்தியமே, அதாவது பாட்டின் சொற்களே கேட்கும், அதுதான் லால்குடி பாணி. பம்பாய் ஜெயஸ்ரீ பாடகி. அவரும் லால்குடியின் சிஷ்யைதான். வயலின்காரரிடம் பாட்டு கற்க முடியுமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடியோவில் அவருடைய சாருகேசி வர்ணம், 'இன்னும் என் மனம்'. அரங்கேற்றம் நடத்தும் டீச்சர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அழைப்பிதழில் ராகம், தாளம் போடுகிறீர்கள் அல்லவா, பக்கத்திலேயே இயற்றியவர் பெயரையும் அச்சிட்டுவிடுங்கள். மைக்கில் பேசுகிறவர் அதைப் பார்த்துப் படித்துவிடுவார்.