ஊட்டுகிற கை கொஞ்சம் பொறுக்கட்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அண்ணன் அக்காமார்களுக்கும், வந்து உட்கார்ந்திருக்கிற சேலத்து மக்களுக்கும் வணக்கம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிற பராமரிப்பாளரின் முதல் வேலை எது, எல்லாவற்றையும் செய்து கொடுப்பதா, அவர்களையே செய்ய வைப்பதா என்பது தலைப்பு. செய்ய வைப்பதுதான் என்று நான் பேசுகிறேன். இங்கே ஒரு பகல்நேர மையத்தில் இதுதான் என் வேலை.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, "பசியோடு இருக்கிறவனிடம் பாடமா நடத்துவீர்கள், அன்பிருந்தால் எடுத்து ஊட்ட மாட்டீர்களா" என்று கேட்டார். அக்கா, உங்கள் அன்பில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனால் இருபத்தைந்து வயது ஆளுக்கு மூன்று வேளையும் நாமே ஊட்டினால் சீக்கிரம் முடிவது நம் வேலைதான், அவர் கைக்கு அந்த நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லை.

செய்ய வைப்பது என்றால் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவது என்று நினைக்க வேண்டாம். ஒரு பனியன் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: தலையை நுழைக்க வேண்டும், ஒரு கை, இன்னொரு கை, அப்புறம் கீழே இழுத்துவிட வேண்டும். முதலில் எல்லாவற்றையும் நாம் செய்துவிட்டு அந்தக் கடைசி இழுப்பை மட்டும் அவருக்கு விடுகிறோம். ஏன் கடைசியிலிருந்து தொடங்குகிறோம் என்றால், 'நான் போட்டுட்டேன்' என்கிற சந்தோஷம் முதல் நாளே அவருக்குக் கிடைத்துவிடும். அது பழகியதும் அதற்கு முந்தைய படி. நம் உதவியும் அதே மாதிரி தேய வேண்டும், கையைப் பிடித்துச் செய்தது முழங்கையைத் தொடுவதாகி, அப்புறம் வெறும் சைகையாகி, கடைசியில் பக்கத்தில் நின்றால் போதும் என்று ஆக வேண்டும். இதில் மிகவும் கஷ்டமானது காத்திருப்பது. ஒன்றைச் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அதற்குள் நம் கை எத்தனை முறை தானாக நீளுகிறது என்று தெரியும்.

சரி, கையே அசையாதவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். தேர்ந்தெடுப்பார். பேச்சு வராத ஒருவரைத் தட்டுவடை செட் கடைக்குக் கூட்டிப்போனால் கடைக்காரர் நம்மைப் பார்த்துத்தான் "இவருக்கு என்ன வேணும்" என்பார். நாம் பதில் சொல்லக் கூடாது. தட்டுவடை செட் ஒரு படம், நொறுக்கல் ஒரு படம், இரண்டையும் அவர் முன்னால் பிடித்தால் கண்ணாலேயே காட்டுவார். டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டி என்றால் 2021 முதல் அவருக்கும் கூட வருகிற ஒருவருக்கும் கட்டணமும் இல்லை, அதனால் வெளியே கூட்டிப்போகக் காசில்லை என்றும் சொல்ல முடியாது.

எதிரணி அண்ணன், நாமே செய்து கொடுத்தால்தான் பாதுகாப்பு என்று பேசினார், அவசியமான பேச்சு. ஆனால் பெருமூளை வாதம் உள்ள பலருக்கு விழுங்குவதே சிரமம், அவர்களைச் சாய்த்துப் படுக்கவைத்து அவசரமாக ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் இறக்கி, சின்ன ஸ்பூனில் கொடுத்து, அவர் விழுங்கி முடித்த பிறகு அடுத்த வாய். வேகத்தை அவர் முடிவு செய்தால்தான் அது பாதுகாப்பு. வலிப்பு வந்தாலும் இன்னும் இரும்புச் சாவியைத்தான் தேடுகிறோம், கை காலை அழுத்திப் பிடிக்கிறோம். இரண்டுமே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சபையில் பேசக் கூச்சப்படக் கூடாது. வளர்ந்த ஒரு பெண்ணைக் கதவைத் திறந்துபோட்டுக் குளிப்பாட்டுகிறோம், யார் கைக்கு ஓய்வோ அவர்கள் உடை மாற்றிவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் தன் உடம்பைத் தொடலாம் என்று பழகிப்போன அந்தப் பெண், தப்பான எண்ணத்தோடு ஒரு கை வரும்போது எப்படித் தள்ளிவிடுவாள்? 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இப்படிப்பட்ட கொடுமைக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை தண்டனை இருக்கிறது, ஆனால் அதெல்லாம் நடந்த பிறகு. கதவைச் சாத்து, சோப்பை நீயே போடு, முதுகுக்கு மட்டும் நான் வரட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போவது நடப்பதற்கு முன்னால் செய்கிற காவல். மாதவிடாய்த் துணி மாற்றுவதையும் இதே பொறுமையோடு கற்றுக்கொடுக்கலாம்.

செவ்வாப்பேட்டையோ ஏற்காடோ, எந்த வீட்டு அம்மாவாக இருந்தாலும் கேட்பது ஒரே கேள்விதான், "எனக்கப்புறம் இவனை யாரு பாப்பா?" 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம், நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது. கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அம்மா கையால் மட்டுமே சாப்பிட்டு, அம்மா சொன்னால் மட்டுமே கழிப்பறைக்குப் போய்ப் பழகியவன், அந்த அம்மா இல்லாத முதல் நாள் காலையில் என்ன செய்வான்? அவனுக்கு அன்று துக்கத்தோடு பசியும் சேர்ந்துகொள்ளும். அந்த நாளுக்காகத்தான் நாங்கள் இன்று பனியனோடும் ஸ்பூனோடும் மல்லுக்கட்டுகிறோம்.

பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் இருந்தால் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று எதிரணி கேட்டது. நியாயம், நானும் அந்தக் கஷ்டத்தில்தான் இருக்கிறேன். அப்படியானால் ஆள் கூட்டச் சொல்லுங்கள், எங்களுக்குப் பயிற்சியும் நல்ல சம்பளமும் கொடுக்கச் சொல்லுங்கள், அந்தப் போராட்டத்துக்கு இந்த மேடையிலிருந்து இறங்கியதுமே உங்களோடு வருகிறேன். ஆள் போதவில்லை என்பதற்காக அவர்கள் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்குவதை மட்டும் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.