பைபிளுக்கு யார் பொருள் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். "எனக்கு பைபிள் மட்டும் போதும், சபை வந்து பொருள் சொல்ல வேண்டாம்" என்பவர்கள் உண்டு. "சபை சொன்னால் சரி, நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்" என்பவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டு தரப்புக்கும் வசனம் இருக்கிறது. தீர்க்கதரிசனம் எதுவும் சுயதோற்றமான பொருளையுடையதல்ல, அதாவது அவரவர் இஷ்டத்துக்குப் பொருள் சொல்வதற்கில்லை என்கிறது 2 பேதுரு. அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரமோ, பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிப் பார்த்த பெரோயா ஊராரை மெச்சுகிறது.

1529 அக்டோபர், ஜெர்மனியில் மார்பர்க் கோட்டை. லூத்தரும் ஸ்விங்லியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவருமே போப்பின் அதிகாரத்தை உதறிய புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள். சபையில் அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறதா என்பதுதான் வழக்கு. லூத்தர் சாக்குக்கட்டியை எடுத்து மேசையிலேயே "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதிவிட்டார். ஸ்விங்லி அசையவில்லை, "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்று யோவான் 6-ஐக் காட்டினார். மற்ற விஷயங்களில் பெரும்பாலும் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் பிரிந்தே போனார்கள், ஏனென்றால் தீர்ப்புச் சொல்ல அங்கே மூன்றாவது ஆள் கிடையாது.

சரி, அப்போது ரோம், அதாவது போப்பின் கத்தோலிக்கத் திருச்சபை, சொல்வதைக் கேட்டுவிடலாமா? விசுவாச, ஒழுக்க விஷயங்களில் திருச்சபை கொள்ளும் பொருளுக்கு மாறாக யாரும் வேதத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது என்று 1546-இல் அதன் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் சொன்னது. மார்பர்க்கைப் பார்த்த பிறகு அதில் நியாயம் தெரிகிறது. ஆனால் அதே ரோம்தான் 1616-இல் பூமி சுற்றுகிறது என்பதை வேதத்துக்கு விரோதம் என்று அறிவித்தது, 1633-இல் அந்தக் கருத்தை ஆதரித்த கலிலியோவை மண்டியிட வைத்தது. திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் தேவவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எழுதி வைத்ததை அதனால்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், தனியாக வாசிக்கிறேன் என்பவரும் யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்தபடிதான் வாசிக்கிறார். ஸ்கோஃபீல்ட் என்ற அமெரிக்கப் போதகர் குறிப்புகள் எழுதி 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் பைபிளையே எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே வசனம், அதே பக்கத்தின் அடியில் அவருடைய விளக்கம். உலக வரலாற்றை ஏழு காலங்களாகப் பிரிக்கும் அந்தக் குறிப்புகள், போப்பை ஒத்துக்கொள்ளாத எத்தனையோ பேருக்கு வேதமாகவே ஆகிவிட்டன. சங்கத்தின் தீர்மானமாவது பெயரும் தேதியும் போட்டு வருகிறது, எதிர்த்துப் பேசலாம். அடிக்குறிப்போடு யார் சண்டை போடுகிறார்கள்?