பொறுமையே என்ற அணியிலிருந்து

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் இந்த மாலை நேரத்தில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம். மேலைநாட்டு இசை நாடகமான ஒப்பராவைப் பாடும் பாடகியின் தொழில் வாழ்வை வளர்ப்பது துணிவா, பொறுமையா என்பது கேள்வி. பொறுமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் புகழ்பெற்ற ஒப்பரா பாடகி மரியா காலஸை வைத்தே தன் வழக்கைக் கட்டினார். 1949 இல் வெனிஸில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனத்த பாத்திரம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்த காலஸ், வேறொரு பாடகி நோயுற்றபோது, சில நாட்களுக்குள் இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் எல்விரா என்ற, வேகமாக ஓடும் பாட்டுள்ள பாத்திரத்தையும் பாடினார். உண்மைதான். அந்தத் துணிவை நானும் வணங்குகிறேன்.

சரி, 1952 க்கு வாருங்கள். லண்டன் கொவென்ட் கார்டன் அரங்கில் 'நோர்மா' என்ற ஒப்பரா. தலைமைப் பாத்திரத்தில் காலஸ். அதே மேடையில் தோழி கிளோட்டில்டாவாகச் சில வரிகள் மட்டும் பாடியவர் ஜோன் சதர்லண்ட் என்ற அவுஸ்திரேலியப் பெண். தன் குரல் வாக்னரின் கனத்த பாத்திரங்களுக்கு உரியது என்றுதான் அவர் நம்பியிருந்தார். பின்னால் கணவரான ரிச்சர்ட் பொனிங், அது உயர்ந்த சுரங்களில் வேகமாக ஓடும் பாட்டுக்கு உரிய குரல் என்று கண்டு, வருடக்கணக்காக உடனிருந்து பழக்கினார். 1959 இல்தான் சதர்லண்ட் லூசியா என்ற நாயகியாக அதே அரங்கை அதிரவைத்தார். ஏழு வருடம்! காலஸின் கடைசி ஒப்பரா 1965 இல் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 41. சதர்லண்ட் 1990 வரை பாடினார். காலஸின் குரல் ஏன் தளர்ந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு, பழியை ஒரே காரணத்தில் போட நான் துணியமாட்டேன். ஆனால் இந்த இரண்டு கணக்கையும் நடுவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு முன்னால் ஒலிவாங்கி இருக்கிறது. சொப்ரானோவுக்கு, அதாவது மிக உயர்ந்த குரலில் பாடும் ஒப்பரா பாடகிக்கு, அது கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைவரை தன் குரலையே அனுப்ப வேண்டும். உச்ச சுரத்தைத் தொடும்போது குரல்நாண்கள் செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கின்றன. அவற்றின் நீளம் ஒன்றரை சென்ரிமீற்றர் அளவுதான். அந்தச் சிறிய தசையிடம் போய்த் துணிவைக் காட்டச் சொல்கிறார்கள் எதிரணியினர்.

நம் இலங்கைப் பறங்கியர் வழிவந்த, மெல்பேர்ணில் பிறந்த டானியல் டி நீஸ் பத்தொன்பது வயதிலேயே நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒப்பரா அரங்கில் பாடவில்லையா என்றும் கேட்டார்கள். பாடினார். என்ன பாத்திரம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மோட்சார்ட்டின் 'ஃபிகரோ'வில் பார்பரினா. அளவில் சிறிய பாத்திரம். 2005 இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஒப்பரா விழாவில் ஹாண்டெலின் கிளியோபட்ராவாகத்தான் அவர் பெயர் உலகமெங்கும் பரவியது.

இதே கொழும்பில் நாமும் யோசிக்க வேண்டும். பிள்ளை சில வருடம் படித்ததும் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்க ஓடுகிறோம். அந்தக் குரலுக்கு வயது வந்துவிட்டதா என்று குருவிடம் கேட்பவர்கள் எத்தனை பேர்? இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அப்புறம் லியொன்டின் பிரைஸ். மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பெண். 1961 ஜனவரியில் மெட்ரோபொலிட்டனில் முதன்முதலாகப் பாடியபோது நாற்பது நிமிடத்துக்கு மேல் கைதட்டல் ஓயவில்லை என்கிறார்கள். அதே வருடக் கடைசியில், தன் குரலுக்குப் பாரமான புச்சினி பாத்திரம் ஒன்றில், மேடையிலேயே குரல் போயிற்று. மிச்சத்தை வேறொருவர் பாடி முடித்தார். புகழின் உச்சியில் இருந்த அந்தப் பெண் துணிந்து உடனே மறுபடி மேடை ஏறவில்லை. வாரக்கணக்கில் ஓய்வெடுத்தார். அதன்பின் 1985 இல், ஐம்பத்தேழு வயதில், அதே அரங்கில் 'ஐடா' ஒப்பராவின் நாயகியாகப் பாடி விடைபெற்றார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்கட்டும்: 1961 இல் பிரைஸ் ஓய்வெடுக்காமல் அந்தப் பாத்திரத்தைத் தொடர்ந்து பாடியிருந்தால், 1985 இன் ஐடா நமக்குக் கிடைத்திருக்குமா?