பனிநாட்டில மாடு நிக்குது, வன்னியில 20 பாகைக்கே ஏன் சாகுது? மாரிக்குப் பட்டியைத் தயார்ப்படுத்திறது (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், வாசிக்கிறன்: "கனடாவில இருந்து மச்சான் அனுப்பின வீடியோவில மாடு முதுகு நிறையப் பனியோட நிண்டு வைக்கல் தின்னுது. இஞ்ச மார்கழி மழைக்கு, போனில 20 பாகை எண்டு காட்டேக்கயே பட்டியில மாடு விழுந்து சாகுது. 2022இலயும் அப்பிடித்தான். என்ன காரணம்? இந்த மாரிக்கு என்ன செய்யலாம்?"

தம்பி, அந்த வீடியோவில மாட்டின்ர முதுகை இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ. பனி உருகாமல் கிடக்குது. உடம்புச் சூடு மயிரைத் தாண்டி வெளியால வரேல்லை எண்டதாலதான் அது உருகேல்லை. அடர்ந்த மயிருக்குள்ள காத்து அடைபட்டுக் கம்பளி மாதிரி நிக்குது. அப்பிடிக் குளிர்மயிர் வளர்ந்த மாடு, காய்ஞ்சு இருக்கும் வரைக்கும், பூச்சியத்துக்குக் கீழ 7, 8 பாகை வரை சமாளிக்கும். அதே மாடு மழையில ஊறினால் 15 பாகையிலேயே உடம்பைச் சூடாக்கக் கூடுதலாத் தீன் தேவைப்படத் தொடங்கிடும். இது குளிர்நாட்டு மாட்டுக்குக் கணக்கு. எங்கட நாட்டு மாடு வெயிலுக்கு எண்டு அமைஞ்சது, மயிர் கட்டை, தோல் மெல்லிசு. நனைஞ்ச உடம்பில வாடைக்காத்தும் அடிச்சால் போனில காட்டிற 20 பாகை மாட்டுக்கு 20 பாகை இல்லை.

இதோட பசி. காலபோகம் (மாரி நெல்) விதைச்ச உடன வயலால மாட்டைக் கலைச்சு விடுவினம். குளத்துத் தரவையும் (மேய்ச்சல் நிலம்) தண்ணிக்குள்ள போயிடும். மிச்சம் காட்டோரமும் ரோட்டோரமும்தான். அதாவது குளிர் கூடின நேரத்திலதான் மாட்டின்ர வயிறு காயுது. 2022 மார்கழி 8, 9இல மண்டூஸ் புயல் வரேக்க வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல மாடு, ஆடு செத்ததுக்குக் குளிர் அதிர்ச்சிதான் காரணம் எண்டு கண்டினம். மெலிஞ்சதுகள், கன்றுகள், கிழடுகள்தான் முதல்ல விழும்.

ஆக மூண்டு வேலை: நனையாமல், காத்துப் படாமல், வயிறு காயாமல் வைச்சிருக்க வேணும். கூரை எல்லாப் பட்டிக்கும் ஏலாது, 60, 70 மாட்டுக்கு ஆர் கொட்டில் போடுறது? ஆனால் காத்தை மறிக்கிறது எல்லாராலயும் ஏலும்.

மறைப்பை "எல்" எழுத்து மாதிரிப் போடுங்கோ, மூலை வடக்குப் பக்கம் வரட்டும். ஒரு கை வடகிழக்கையும் மற்றது வடமேற்கையும் மறிக்கும். மாரிக்காத்து வடகிழக்கால வரும், சரி. ஆனால் புயல் எங்களுக்குக் கிழக்கால வந்து வடக்க ஏறினால் காத்து வடமேற்குக்குத் திரும்பும். கிழக்குப் பக்கத்தை மட்டும் மறைச்சவைக்கு அந்த இரவிலதான் இழப்பு வரும். உயரம் 6 அடி காணும், அதுக்குப் பின்னால ஏறக்குறைய 50 அடிக்குக் காத்து அடங்கும். தறப்பாளால முழுசா மூடி அடிக்காதேங்கோ. காத்து மேலால தாவிப் பின்னுக்கு விழுந்து சுழலும், தறப்பாளும் கிழியும். அஞ்சில ஒரு பங்கு ஓட்டை இருக்க வேணும். பனைமட்டை வேலிக்கு அந்த இடைவெளி தானா வந்திடும், காசும் குறைவு.

அடுத்தது நிலம். வயிறளவுக்குச் சேறெண்டால் மேல கூரை போட்டும் பிரயோசனமில்லை, ஈர மண் சூட்டை உறிஞ்சும், மாடு படுக்கவும் மாட்டுது. பட்டிக்குள்ள ஒரு பக்கம் ஒண்டரை, ரெண்டு அடி உயரத்துக்குக் கிரவல் மேடு போட்டு நடுவைக் கொஞ்சம் தூக்கி விடுங்கோ. பெரிய மாடு ஒண்டுக்கு 35 சதுர அடி வைச்சால், 20 மாட்டுக்கு 700 சதுர அடி. இதை மழைக்கு முதல், புரட்டாதிக்குள்ள செய்ய வேணும். கார்த்திகையில டிராக்டர் உள்ளுக்கு வராது.

தீனுக்கு வருவம். வைக்கல் சமிக்கேக்க மாட்டின்ர வயித்துக்குள்ளயே சூடு உண்டாகும், தின்னு சில மணித்தியாலத்தால அது கூடும். அதால பின்னேரம் 4, 5 மணிக்குப் போடுங்கோ, இரவுக்கு உதவும். 200, 250 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ. 20 மாட்டுக்குப் பத்து நாளுக்கு 1000 கிலோ. சிறுபோகம் வெட்டின உடன வைக்கலுக்கு நெருப்பு வைக்கிற ஆக்களைக் கண்டால் எனக்கு வயிறெரியுது, அதுதான் மார்கழிக்கு உயிர்.

ஏலுமானவை யூரியா வைக்கல் போடலாம்: 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணி. கட்டி இல்லாமல் முழுசாக் கரைச்சு, அடுக்கடுக்காத் தெளிச்சு மிதிச்சு, பொலித்தீனால காத்துப் போகாமல் மூடி மூண்டு கிழமை விடுங்கோ. எடுத்து ஒரு நாள் ஆற விட்டுத்தான் குடுக்கிறது. மிஞ்சின யூரியாத் தண்ணியை மாடு குடிச்சால் செத்திடும். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கன்றுக்கு வேண்டாம். பட்டினி கிடந்த மாட்டுக்குப் புயல் இரவில இதைக் கொண்டுபோய்க் கொட்டாதேங்கோ, அந்த நேரம் வெறும் காய்ஞ்ச வைக்கல்தான்.

எச்சரிக்கை வந்தால் மாட்டை மேய விடாமல் மறிச்சு வையுங்கோ. வெள்ளம் ஏறிற இடமெண்டால் கட்டாதேங்கோ. கன்றுகளையும் கன்று போடக் கிட்டினதுகளையும் கூரைக்குள்ள எடுங்கோ.

விழுந்த மாட்டைப் பக்கவாட்டில கிடக்க விட்டால் வயிறு ஊதிச் சாகும். நெஞ்சில நிமிர்த்தி, ரெண்டு பக்கமும் வைக்கல் மூட்டை முட்டுக் குடுங்கோ. காய்ஞ்ச சாக்கால மயிர் காயுமட்டும் தேயுங்கோ, 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்துங்கோ. தானா விழுங்கினால் மட்டும் இளஞ்சூட்டுச் சீனித்தண்ணி. வலுக்கட்டாயமாப் போத்தலால ஊத்தினால் நுரையீரலுக்குள்ள போகும். கொட்டிலுக்குள்ள நெருப்பு மூட்டுறதும் வேண்டாம், புகையாலயே கன்று மூச்சு முட்டும்.

கன்றுக்கு வாய்க்குள்ள விரலை விடுங்கோ. வாய் குளிர்ந்து, விரலைச் சூப்பேல்லை எண்டால் நிலைமை மோசம். கை பொறுக்கிற சூட்டுத் தண்ணிக்குள்ள, 38, 40 பாகை, கன்றின்ர உடம்பை வைச்சு, தலையைத் தண்ணிக்கு மேல பிடிச்சிருந்து, பிறகு எடுத்து முழுசாத் துடையுங்கோ. சூப்பத் தொடங்கின பிறகுதான் பால். புதுக் கன்றுக்குக் கடும்புப் பால் முதல் 2 மணித்தியாலத்துக்குள்ள போக வேணும்.

ஒண்டு கவனம்: மாரியில சாகிறதெல்லாம் குளிரால இல்லை. தொண்டை அடைப்பான் எண்ட கிருமி நோயும் இந்த நேரத்திலதான் வரும். குதத்தில வெப்பமானியை வைச்சுப் பாருங்கோ. சரியான சூடு 38.5 அளவு. 37க்குக் கீழ எண்டால் குளிர். 40க்கு மேல, கழுத்தும் வீங்கியிருந்தால் உடன கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கோ. தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி மழைக்கு முதலே போட்டிருக்க வேணும்.

ஆட்டுக்குப் பரண் கொட்டில் எண்டால் கீழால வாற காத்துத்தான் பிரச்சினை. காத்துப் பக்கம் மட்டும் பரணுக்குக் கீழ உரப்பை கட்டுங்கோ, மற்றப் பக்கம் திறந்திருக்கட்டும், இல்லாட்டி மூத்திர நெடி நெஞ்சைப் பிடிக்கும்.

செத்த மாட்டை இறைச்சிக்குக் குடுக்கிற வேலை வேண்டாம். காதுத்தகட்டோட படம் எடுத்து, வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லிப்போட்டு, கிணத்துக்குத் தூரமா 6 அடி கிடங்கில சுண்ணாம்பு போட்டுத் தாளுங்கோ.