கடவுள் காப்பாற்றினார், நெருப்புக்கோழி கவிழ்த்துவிட்டது! பாட்டுக்காரர்கள் போதையை விட்ட கதைகளை நம்பலாமா?

[இருட்டுத் திரை. தண்ணீர் சொட்டும் சத்தம்.]

1967. அமெரிக்காவின் டென்னசி மாநிலம். ஊரறிந்த ஒரு பாடகர், மாத்திரைப் போதையில் எலும்பும் தோலுமாகி, இனி சாவதுதான் மிச்சம் என்று ஒரு குகைக்குள் தவழ்ந்து போகிறார். கையில் இருந்த டார்ச் லைட் அணைந்துவிடுகிறது. கும்மிருட்டில் அப்படியே படுத்துவிடுகிறார். அப்போது கடவுள் தன் பக்கத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. எழுந்து, வழி தெரியாமலேயே தவழ்ந்து வெளியே வருகிறார். வாசலில் காதலியும் பெற்ற தாயும் காத்திருக்கிறார்கள்.

அவர் பெயர் ஜானி கேஷ். கதையை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அவர் சொல்லும் நாளில் அந்த நிக்கஜாக் குகை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது என்கிறார்கள், அவருடைய வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தவர்கள்.

[தலைப்பு இசை]

வணக்கம் மக்களே! மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பேசுகிறேன். 2007இல் பெயரை மாற்றினார்கள், ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எனக்குப் பின்னால் தெரிவது செம்பனை. பக்கத்தில் தென்னமரம் தோட்டம். 1917இல் மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட இடம் அது. பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. எங்கள் பக்கத்தில் எதையும் பெயரை வைத்து நம்பக் கூடாது!

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்துவதற்குள் முடிந்துவிடும். துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. சம்பளம் ஒரு கையில் வாங்கி மறு கையில் அங்கே கொடுத்த காலம். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்து, கள்ளுக்கடையை மூடு என்றும் நம் ஆட்கள் கேட்டார்கள். அப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. அப்புறம் போதைப் பொடி. அவ்வளவுதான் வரலாறு.

சரி, ஏன் பாட்டுக்காரர்கள்? தோட்டத்தில் எல்லாரும்தானே குடித்தார்கள்?

ஒரு கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, குடியை விட்டால் மறுநாள் ஆபீசுக்குப் போகலாம். ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிப்பவர் குடியை விட்டால் எங்கே போவார்? கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா முடிந்த ராத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் மேடைக்குப் பின்னால் ஐஸ் பெட்டி இருக்கும். "அண்ணே, ஒரு கிளாஸ் எடுத்துக்குங்க, இல்லாட்டி எங்களுக்கு மரியாதை இல்ல" என்று மாப்பிள்ளையின் மாமாவே வந்து நிற்பார். அவருக்கு வேலை இடமும் அதுதான், விழுகிற இடமும் அதுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த வீடியோ எடுத்ததே இதற்காகத்தான்.

[திரையில்: ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் குகை]

ஜானி கேஷின் குகைக் கதையை முதலில் படித்தபோது, எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று தோன்றியது. யோசித்தேன். பாட்டி சொன்ன கதை! அருணகிரிநாதர்!

ஊதாரித்தனமாகச் சுற்றி, சொத்தை அழித்து, உடம்பையும் கெடுத்துக்கொண்ட ஒருவர், வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தில் ஏறிக் குதிக்கிறார். முருகன் கையில் தாங்குகிறான். "சும்மா இரு" என்கிறான். "முத்தைத்தரு" என்று முதல் அடியும் எடுத்துக் கொடுக்கிறான். இது பதினைந்தாம் நூற்றாண்டுக்காரரைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கேஷ் இருபதாம் நூற்றாண்டு. ஒருவர் சாவதற்காக மேலே ஏறினார், ஒருவர் கீழே இறங்கினார். இரண்டு பேரையும் ஒரு கை பிடித்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிறுத்தாமல் பாடினார்கள்.

இரண்டு கதையிலும் ஓட்டை இருக்கிறது, அதுதான் இன்னும் அழகு. அருணகிரிநாதர் தன் பாடல்களில் தன்னையே போட்டுத் திட்டிக்கொள்வார், மயக்கத்தில் அழிந்தேன், கெட்டேன் என்று. அது அவருடைய சொந்தக் கதையா, கேட்கும் நமக்காக அவர் எடுத்துக்கொண்ட குரலா என்பது பழைய விவாதம். கேஷின் குகையோ தண்ணீருக்குள். குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் திருத்துவது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி பிடித்துத் தேடுவது போல என்றார் வள்ளுவர். டென்னசி குகை அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

என்னைக் கேட்டால், இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மேடை ஏறியவர்களுக்குப் பல்லவி எங்கே வரவேண்டும் என்று தெரியும். விட்டான், திரும்பத் தொட்டான், மறுபடி விட்டான், மனைவி தாய் வீட்டுக்குப் போனாள், திரும்பி வந்தாள் என்று பத்து வருடக் கதையைக் கிறிஸ்தவ சபையில், கடவுள் தன்னை மாற்றியதைச் சொல்லும் சாட்சி நேரத்தில் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். ஒரு ராத்திரி, ஒரு வெளிச்சம், ஒரு குரல் என்றால் எல்லாரும் "அல்லேலூயா".

சரி, நெருப்புக்கோழி எங்கே என்று கேட்கிறீர்களா? இதோ.

கேஷ் குகையைவிட்டு வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. எழுபதுகளின் முதல் பாதி ஓரளவு சுத்தமாகப் போனது, பிறகு மறுபடி தொட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில், தன் பண்ணையில் தானே வளர்த்த வால்டோ என்ற நெருப்புக்கோழியிடம் மாட்டிக்கொண்டார். அது உதைத்ததில் விலா எலும்பு உடைந்தது. இடுப்பு பெல்ட்டில் கெட்டியான பக்கிள் இல்லாமல் இருந்திருந்தால் வயிற்றையே கிழித்திருக்கும் என்று அவரே எழுதுகிறார். வலிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை பழைய கதவைத் திறந்துவிட்டது. 1983இல் சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். இவ்வளவுக்கும் நடுவில் ஆள் பைபிளை விடவே இல்லை. பக்தி இருந்தது, போதையும் இருந்தது. சாட்சி மேடையில் இந்தப் பாதி வராது.

மற்றவர்களைப் பற்றி ஒவ்வொரு வரி. கார்ன் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கிட்டார்காரர் பிரையன் வெல்ச் 2005இல் குழுவைவிட்டு விலகி யோர்தான் நதியில் ஞானஸ்நானம் எடுத்தார், 2013இல் அதே குழுவுக்குத் திரும்பினார். சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1957இல் ஹெராயினை விட்டதை இறைவன் அருளால் வந்த விழிப்பு என்றார். அவர் மனைவி ஆலிஸ் பின்னாளில் காவி உடுத்தி, கலிபோர்னியாவில் ஆசிரமம் வைத்து, ஆர்கன் வாசித்து பஜனை பாடினார். அதற்குத் தனி வீடியோ போடலாம், வேண்டுமா? கமெண்டில் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

[திரையில்: பழைய டிரம்ஸ், துணி போர்த்தியது]

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன். பெயர் வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் அவர் டிரம்ஸ் இல்லாத கல்யாணம் இல்லை. தைப்பூசத்துக்கு மாலை போடுவார். அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டு தொடமாட்டார், பத்துமலையில் காவடி எடுப்பார். மாலையைக் கழற்றிய அன்று ராத்திரி, விட்டதற்கும் சேர்த்துக் குடிப்பார். அப்புறம் ஒரு நாள் சபைக்குப் போனார், ஞானஸ்நானம் எடுத்தார். இன்றைக்குப் பதினோரு வருடம்.

ஊரில் இரண்டு பேச்சு. ஒரு பக்கம், இயேசு செய்த அற்புதம். இன்னொரு பக்கம், எல்லாம் நாடகம், சபையில் காசு கொடுத்திருப்பார்கள். எனக்கு இரண்டிலும் ருசி இல்லை. அண்ணியிடம் கேட்டேன். அவர் இன்னும் முருகன் படத்துக்குத்தான் விளக்கு ஏற்றுகிறார். "ஆறு மாசம் பாப்போம்னு இருந்தேன். ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ஆறு மாசம் பாப்போம்னு இருந்தேன். மூணு வருஷம் ஏடிஎம் கார்டு என்கிட்டதான் இருந்துச்சு." இதைவிடச் சுத்தமான சந்தேகத்தை நான் எந்தப் பேராசிரியரிடமும் கேட்டதில்லை.

விரதம் அவரைக் காப்பாற்றவில்லை, சபை காப்பாற்றியது, ஆகவே இந்தச் சாமி பெரிதா அந்தச் சாமி பெரிதா என்று கமெண்டில் சண்டை போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் பக்கத்திலேயே உருமி மேளக்காரர் ஒருவர் திருப்புகழ் பஜனைக் குழுவில் சேர்ந்து பாட்டிலை விட்டிருக்கிறார். விரதத்துக்கு முடியும் தேதி உண்டு. சபைக்கும் பஜனைக் குழுவுக்கும் இல்லை, அடுத்த வாரமும் வா என்பார்கள். நான் பார்த்த வித்தியாசம் அதுதான்.

வெளிநாட்டுக் கணக்கும் பெரும்பாலும் அதையே சொல்கிறது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானது சுமார் 5 சதவீதம்தான். இடம் மாறியது, கூட்டாளி மாறினான். 2020இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குடிகாரர்கள் கூடி உட்கார்ந்து பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) வழி, குடியை முழுசாக நிறுத்துவதில் மற்றச் சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, சிலவற்றைவிட மேல் என்றும் தெரிந்தது. ஆனால் பிரார்த்தனை போதும் மருந்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்ரஹ்மான் மசூதியில் 2010இலேயே, ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்கும் மெத்தடோன் மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தொழுகையும் மருந்தும் ஒரே கூரையின் கீழ்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த அண்ணனோடு அதே மாதம் ஞானஸ்நானம் எடுத்த கிட்டார்காரர் ஒருவர் இருந்தார். நான்கு மாதம் தாங்கினார். அவரை எந்தச் சபையும் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை, அவரைப் பற்றி யாரும் வீடியோவும் எடுக்கவில்லை. நான் உள்பட.

கடைசியாக அண்ணனிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, உண்மையிலேயே அன்னைக்கு வெளிச்சம் தெரிஞ்சதா?"

அவர் ஒட்டுக்கடை மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தே தாரிக் டீ ஆறிவிட்டது.

"மேடையில கேட்டா தெரிஞ்சதுன்னு சொல்லுவேன் தம்பி. நீ கேக்குற, அதனால சொல்றேன். சனிக்கெழம ராத்திரி ஏழரைக்குத்தான் எனக்குக் கை நடுங்கும். அந்த நேரத்துக்குக் கரெக்டா பாஸ்டர் வேன் வாசல்ல வந்து ஹாரன் அடிக்கும். வாசிக்க ஆள் இல்ல, வாங்கன்னு கூப்பிடுவாரு. அவ்ளோதான்."

வேன் பழுதான சனிக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணி மோட்டார்ல கொண்டுபோயி விட்டா. வாசல்லயே நின்னு, நான் உள்ள போறதப் பாத்துட்டுதான் திரும்புனா."